பூஜையில் இருந்த லேப்டாப்

லேப்டாப்பைப் பூஜைக்குக் கொடுத்தது நானேதான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. துர்காஷ்டமி சாயங்காலம் ஸ்ரீவராகத்து வீட்டில் அம்மா புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பெரிய மனுஷன் மாதிரி "இந்தா, என்னோட ஆயுதம்" என்று நீட்டினேன். விஜயதசமி காலை வரை அதைத் தொடக்கூடாது. யாரும் எதையும் படிக்கவோ எழுதவோ கூடாது. எனக்கென்ன, வேலைதான் முடிந்துவிட்டதே என்று இறுமாப்பு.

நானும் ஆரியசாலையில் இருக்கும் நண்பனும் மூன்று வருஷமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தோம். நவமியன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால் பார்த்து வெளியிடுவதாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சொல்லியிருந்தது. இதுவும் போனால் கடையைக் கட்டிவிடுவது என்று எங்களுக்குள் பேச்சு. அவன் பெங்களூருக்கு, நான் மாமாவின் மிளகு மண்டிக்குப் பில் போட. கடைசி வாரம் முழுக்க மெனுவை இழைத்தேன். பட்டனின் நிறம், எழுத்து நகர்ந்து வரும் வேகம், ஒன்றையும் விடவில்லை. முடிந்த கேமை அவனுக்கு அனுப்பிவிட்டேன். கேமை ஓட்டும் ஸ்கிரிப்டுகளில் மட்டும் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்று என் லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு வீம்பு.

நவமி காலை பத்து மணிக்கு அவன் போன் செய்தான்.

"டேய், கேமை நிறுத்திட்டு செட்டிங்ஸ் போய்த் திரும்பி வந்தா ஹீரோ அனங்க மாட்டேங்கறான். மரம் மாதிரி நிக்கறான், கேட்டோ."

காரணம் உடனே தெரிந்தது, அதுதான் கொடுமை. மெனுவைத் திறந்தால் கேமின் கடிகாரம் நிற்கும், மூடினால் ஓடவேண்டும். செட்டிங்ஸிலிருந்து நேராக வெளியே வர அழகாக ஒரு புது பட்டன் வைத்தவன், கடிகாரத்தை ஓடவிடும் வரியை அதில் எழுத மறந்திருக்கிறேன். ஒரே ஒரு வரி.

அம்மாவிடம் கெஞ்சினேன்.

"பூஜை வெச்சதை நடுவிலே எடுக்கப்படாதுடா. அதுக்கு மேலே அக்கா புஸ்தகம் இருக்கு. அவளுக்கு இது கடைசிப் பரீட்சை."

அக்கா ஆறு வருஷமாக சர்க்கார் வேலைக்குப் படிக்கிறாள். நான் கலைத்து, அவளும் தோற்றால் அந்தப் பழி ஆயுசுக்கும் என் தலையில்.

மூன்று மணி ஆயிற்று. நான்கும் ஆயிற்று. நண்பன் போன் மேல் போன் போட்டான், எடுக்கவில்லை. இருபத்தொன்பது வயசில் பூஜை அறை வாசலில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன்.

அக்கா வந்தாள். உள்ளே போய், பூவை ஒதுக்கி, தன் புத்தகங்களைத் தூக்கிக் கீழே வைத்தாள். சந்தனப் பொட்டோடு லேப்டாப்பை என் மடியில் போட்டாள்.

"ஐயோ, உன் பரீட்சை?"

"அப்ளை பண்ணவே இல்லைடா. போன மாசமே வயசு தாண்டியாச்சு. அம்மாகிட்ட சொல்லத் தைரியம் வரலை, அதான் புஸ்தகத்தைப் பூஜைக்கு வெச்சேன். நீ எழுது."

எழுதினேன். ஹீரோ நடந்தான். ஐந்தே முக்காலுக்கு அனுப்பியாயிற்று.

அம்மா வந்து கலைந்த புத்தகங்களைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு, இவள் பாஸாகாமல் போனால் அதற்கு நீதான் காரணம் என்று என்னைப் பிடித்துக் கத்தினாள். அக்கா தலை நிமிரவில்லை.

"ஆமாம்மா, நான்தான் காரணம்" என்றேன்.