துவக்கு வைத்திருப்பவன் காட்ட வேண்டிய காகிதம்

தொண்ணூறுகளின் நடுவில் பேர்லினில் இரண்டு வகைத் துவக்குகள் இருந்தன. ஒன்று காஸ் பிஸ்டல். அதில் குண்டு இல்லை, கண்ணை எரிக்கும் புகைதான் வரும். பார்வைக்கு அசல் போலவே இருக்கும். பதினெட்டு வயதானவர் யாரும் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்குவது போல வாங்கலாம். மற்றது அசல். அதை வாங்க ஒரு காகிதம், இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்க இன்னொரு காகிதம். இந்த இரண்டாவது காகிதத்தை வாஃபன்ஷைன் என்பார்கள். சாதாரண மனிதனுக்கு அது குதிரைக்கொம்பு. பணம் ஏற்றும் வண்டிகளில் காவலுக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கும். அந்த வழியில்தான் எங்கள் வீட்டுக்குள்ளும் அதன் பேச்சு வந்தது.

நான் அப்போது பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் இருந்துகொண்டு ஒரு காவல் நிறுவனத்தில் இரவு வேலை செய்தேன். பெரிய தளபாடக் கடை ஒன்றை வெறுங்கையோடு சுற்றி வருவதுதான் வேலை. கள்ளன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "போலீசுக்குச் சொல்லு, வேறு ஒன்றும் செய்யாதே" என்றார்கள். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டான். சிக்கல் மகளோடுதான். காலையில் நான் வீட்டுக்குள் வரும்போது அவள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுவாள். அவள் திரும்பி வரும்போது நான் நித்திரையில் இருப்பேன். எழும்பி இரண்டு வாய் சோறு தின்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் படம் கீறச் சொன்னபோது என்னைக் கட்டிலில் போர்வையோடு கீறியிருக்கிறாள். ஆசிரியை என் மனைவியைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு நீண்ட நாள் வருத்தமா, படுத்த படுக்கையா என்று விசாரித்தார். கேட்டபோது எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வழக்கம்போலக் கோபத்தை மட்டும் வெளியே விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் கூப்பிட்டார். பணவண்டியில் பகல் வேலை ஒன்று இருக்கிறது, மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் துவக்கோடு நிற்க வேண்டும் என்றார். பயிற்சி எடுத்து, சோதனை பாஸ் பண்ணி, அதற்குப் பிறகு அனுமதி கொடுக்கும் அரசாங்க அலுவலகத்தின் சம்மதமும் கிடைக்க வேண்டும்.

மனைவி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"துவக்கோ? உங்களுக்கென்ன விசரே?"

"வீட்டுக்க கொண்டுவர மாட்டனப்பா. வேலை முடிய அங்கையே பெட்டியிலை வைச்சுப் பூட்டுவினம்."

"துவக்கைப் பூட்டலாம். அதோடை திரிஞ்ச ஆளை எங்கை வைச்சுப் பூட்டுறது?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஊரில் அவளுடைய அண்ணனை ஒரு பின்னேரம் இயக்கத்து ஆட்கள் வாசலில் வந்து கூப்பிட்டுப் போனார்கள். வந்தவர்கள் சத்தம் போடவில்லை. "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று நல்ல தமிழில், மரியாதையாகத்தான் கூப்பிட்டார்களாம். துவக்கு மட்டும் தோளில் இருந்தது. அண்ணன் திரும்பி வரவேயில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். என் மனைவி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டாள்.

அவளுடைய தம்பிக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வெளிநாட்டவரைப் பிடிக்காத கும்பல்கள் அகதிகள் விடுதிகளுக்கு நெருப்பு வைத்த அந்த வருடங்களில் அவனும் ஒரு காஸ் பிஸ்டல் வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தான். பத்துப் பேர் வந்தால் இதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். "முதல் ஆளுக்குக் கண் எரியும் அத்தான்" என்றான். எங்கள் வீட்டுக்கு வந்தால் கீழே தபால்பெட்டிக்குள் அதைப் பூட்டிவிட்டுத்தான் மாடி ஏறலாம் என்பது அக்காவின் கட்டளை. சில வருடங்கள் கழித்து அதைக் கொண்டு திரியவும் ஒரு சின்ன அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகி, பிஸ்டலின் இடத்தைக் குழந்தையின் பால்போத்தல் பிடித்துவிட்டது.

கடைசியில் மனைவி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "பிள்ளைக்காகத்தான். ஆனால் அந்தக் கோலத்திலை பிள்ளை உங்களைக் காணப்பிடாது." உடுப்பை நிறுவனத்திலேயே மாற்றுவதாக ஒத்துக்கொண்டேன்.

பயிற்சி நடத்தியவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. முதல் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு பிஸ்டலை வைத்து, அது வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என் முன்னால் வைத்துவிட்டு "தயவுசெய்து" என்றார். என் வலது கை சட்டைப் பைக்குள் போனது. அடையாள அட்டையை எடுத்துப் படம் தெரியும்படி பிஸ்டலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு இரண்டு கைகளையும் விரித்து மேசையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எழும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. அட்டையை எடுத்து என் கையில் தந்துவிட்டு, இடைவேளையில் கோப்பியோடு வந்து காரணம் கேட்டார். எங்கள் ஊரில் துவக்கைக் கண்டால் கை முதலில் இதைத்தான் எடுக்கும், எடுக்கப் பிந்தினால் ஆபத்து என்றேன். அவர், "இங்கே சட்டம் வேறு மாதிரி. துவக்கு வைத்திருப்பவன்தான் காகிதம் காட்ட வேண்டும்" என்றார். ஒரு நாட்டைப் பற்றி நான் கேட்ட மிக நல்ல வார்த்தை அதுதான். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு கை பழகிவிட்டது. வெறுமையாக்குவது, பூட்டுவது, உறையில் வைப்பது எல்லாம் பழகியது. எதிரில் நிற்பவன் திடீரென்று ஜாக்கெட்டுக்குள் கை விட்டால் உன் கை எங்கே இருக்க வேண்டும் என்பதையும் பழக்கினார்கள். அந்த அலுவலகத்தில் டெர்மீன் என்ற சந்திப்பு நேரம் கிடைத்தபோது அங்கிருந்த அதிகாரி அம்மா என் பழைய கோப்பை முன்னால் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அகதியாக வந்தபோது, துவக்கைத் தொட்டதே இல்லை என்று சொல்லித்தான் இந்த நாட்டில் தங்கினேன். இப்போது, தொடத் தெரியும் என்று காட்டினால்தான் பகல் வேலை. இதை அவரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இரண்டும் உண்மைதானே?" என்றார். உண்மைதான். முத்திரை குத்திவிட்டார்.

பகல் வேலை தொடங்கியதும் நான் புது மனிதனாகிவிட்டேன். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தேன். நீச்சல் பழகக் கூட்டிப் போனேன். அவள் தண்ணீரில் மிதக்க, எனக்கு நீந்தத் தெரியாததால் கரையில் இருந்து கத்தினேன். எங்களுக்குள் சண்டைகூட வந்தது. அப்பாவோடு சண்டை பிடிக்க அவளுக்கு முதன்முதலாக நேரம் கிடைத்திருந்தது. நான் சந்தோசமாக இருந்தேன். அதை இப்போது சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை நொய்கெல்னில் ஒரு சுப்பர்மார்க்கெட் வாசலில் நின்றேன். கூட வேலை செய்தவர் பணப்பையை எடுக்க உள்ளே போயிருந்தார். வண்டிக்கும் கதவுக்கும் நடுவில் துவக்கோடு நிற்பது என் வேலை. பக்கத்துத் தெருவில் எங்கள் ஆட்களின் கடை ஒன்று இருந்தது. அந்தத் தெருவிலிருந்து ஒரு மனிதர் திரும்பி நேரே என் முன்னால் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். கையிலிருந்த பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் என் இடுப்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். பையை நிலத்தில் வைத்தார். சட்டென்று ஜாக்கெட்டுக்குள் கையை விட்டார்.

என் கை துவக்கின் பிடியில் இருந்தது. நான் கொண்டுபோகவில்லை. முன்பு சட்டைப் பைக்குப் போன அதே கை, அதே வேகத்தில், இப்போது அங்கே போயிருந்தது.

அவர் எடுத்தது நாலாக மடித்த ஒரு தாள். அதை விரித்து இரண்டு கைகளாலும் என் பக்கம் நீட்டினார். இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதித் தாள். அப்போதுதான் கொடுத்திருக்க வேண்டும், மடிப்புக்கூட இன்னும் புதிதாக இருந்தது.

கையைப் பிடியிலிருந்து இழுத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து என் காகிதத்தை எடுத்து நானும் அவரிடம் நீட்டினேன்.

"அண்ணை, இஞ்சை நான்தான் காட்டவேணும். நீங்கள் ஒண்டும் காட்டத் தேவையில்லை. பயப்பிடாதேங்கோ, நான் தமிழ்."

என் காகிதத்தை அவர் பார்க்கவில்லை. தன்னுடையதை மடித்துக்கொண்டே, "ஓம் ஓம், தெரியும்" என்றார். பிறகு, கோபம் ஒன்றும் இல்லாமல், "ஊரிலையும் தமிழ் ஆக்கள்தானே வந்தவை" என்றார். பையை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக நடந்து போனார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன். அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய் எனக்குப் பழைய இரவு வேலையே போதும் என்றேன். காரணம் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். "கை சரியான இடத்துக்குத்தானே போயிருக்கிறது? நன்றாகப் பழகியிருக்கிறாய்" என்றார். பாராட்டித்தான் சொன்னார். அதனால் அவரோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

மகளுக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. நீச்சலுக்கு இனி அம்மாதான் வருவாள் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தபோது வந்து முன்னால் நின்றாள்.

"ஏன் அப்பா திரும்பவும் இரவிலை போறீங்கள்?"

"பகலிலை ஒராள் என்னைக் கண்டு பயந்திட்டார் பிள்ளை."

"உங்களைக் கண்டோ?"

ஒற்றைச் சப்பாத்தோடு குந்தியிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, அப்பாவைக் கண்டு ஒராள் பயந்தவராம்!" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

மனைவி சிரிக்கவில்லை. என் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக் கொண்டுவந்து கையில் தந்தாள்.

"இனி ஒருத்தரும் பயப்பிட மாட்டினம்" என்றாள்.