கேட்டு வாங்கிய திட்டு

என் சித்தி கவுன்சிலராக இருந்த ஐந்து வருடமும், காலையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் அவளைப் பார்த்தே, "கவுன்சிலரு கீறாராம்மா?" என்று கேட்பார்கள். சித்தியும் கையில் கரண்டியோடு வந்து, "குளிச்சிகினு கீறாரு, குந்துங்க" என்பாள். ஜனங்கள் ஓட்டுப் போட்டது சித்திக்கு. பதவிப் பிரமாணம் எடுத்தது சித்தி. குளித்துக்கொண்டிருந்த கவுன்சிலர் மட்டும் சித்தப்பா. இதில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் எந்த விநோதமும் தெரியவில்லை. பத்து வயதுப் பெண்ணான எனக்கும் தெரியவில்லை என்பதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

காலடிப்பேட்டையில் எங்கள் வீடும் சித்தி வீடும் ஒரே தெருவில் இருந்தன. சித்தப்பா ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர். வருடக்கணக்காகக் கொடி கட்டி, போஸ்டர் ஒட்டி, கூட்டத்துக்கு ஆள் பிடித்து, தன் முறை வரும் என்று காத்திருந்தார். வந்தது. வந்த அன்றைக்கே வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மனிதர் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு யாரோ கட்சிக்காரர் யோசனை சொல்ல, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த சித்தியை வேலையை விட்டு நிறுத்தி வேட்பாளர் ஆக்கினார். போஸ்டரில் சித்தி ஓர் ஓரமாகக் கைகூப்பி நின்றாள். நடுவில் தலைவர்கள். அவர்களுக்குக் கீழே சித்தப்பா, யாரிடமோ செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் போஸ்டருக்கும் ஓட்டு விழுந்தது.

எங்கள் தெருவுக்கு அப்போது ஒரே பிரச்சினை தண்ணீர்தான். குடிநீர்க் குழாய் எங்கேயோ விரிசல் விட்டு, சாக்கடையும் சேர்ந்து வந்தது. குடத்தைப் பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு நாற்றம். வசதி உள்ளவர்கள் கேன் வாங்கினார்கள். நாங்கள் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. என் தம்பிக்கு மூன்று வயது. வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறி, வீட்டுக்கு வந்து, அதே தண்ணீரைக் குடித்து, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனான். முதல் தடவை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவள் சித்திதான். தோளில் கிடந்த குழந்தையின் கண் செருகியதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சு இல்லை. குழாயை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கவுன்சிலர் சொன்னால் குழாயை மாற்ற மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சித்தி போன முதல் கூட்டத்தில் எழுந்து, எங்கள் தெருவில் தண்ணீர் நாறுகிறது என்று வெள்ளந்தியாகச் சொல்லித்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா தாம்தூமென்று குதித்தார்.

"நம்ம ஆட்சில நம்ம கவுன்சிலரே தண்ணி நாறுதுன்னு சொன்னா யாருக்கு அசிங்கம்மே? இன்னா நெனச்சிகினு கீற நீ?"

அதன்பின் சித்தியின் பேச்சைச் சித்தப்பாவே எழுதித் தந்தார். அது முழுக்க நன்றி. தலைவருக்கு நன்றி, தலைவர் குடும்பத்துக்கு நன்றி, அமைச்சருக்கு, மாவட்டச் செயலாளருக்கு, பகுதிச் செயலாளருக்கு, அதுவும் வரிசை மாறாமல். ஒரு பெயர் முன்பின்னானால் அன்று இரவு வீட்டில் சோறு இறங்காது. நன்றி முடிவதற்குள் மணி அடித்துவிடும், சித்தி உட்கார்ந்துவிடுவாள். ஆளுங்கட்சிக்காரர் குறை சொல்லக்கூடாதாம், அது எதிர்க்கட்சியின் வேலையாம். சரி, எதிர்க்கட்சி சொன்னால் செய்வார்களா என்றால் அதுவும் கூடாதாம், செய்தால் பெயர் அவர்களுக்குப் போய்விடுமாம். அப்படியானால் குழாயை யார்தான் மாற்றுவது? இதை யோசித்து யோசித்து எனக்குத் தலைவலியே வந்திருக்கிறது. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான், இவர்கள் பெயர் யாருக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மா அவனோடு அங்கே தங்கிவிட்டதால் நான் சித்தியின் பொறுப்பில் இருந்தேன். மண்டலக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். உறுப்பினர்களின் கணவர்களுக்கு மன்றத்துக்குள் இடமில்லை. அதனால் சித்தப்பாவும் அவரைப் போன்ற மற்றவர்களும் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் சித்தி என்னைக் கழிவறைக்கு இழுத்துப்போனாள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அங்கே பக்கத்து வார்டு கவுன்சிலர் காத்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கட்சி. முன்பு அதே எக்ஸ்போர்ட் கம்பெனியில் சித்திக்கு அடுத்த மிஷினில் உட்கார்ந்தவள், டப்பா சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவள். தேர்தலுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு. அவள் கணவரும் வெளியே நாற்காலியில்தான் இருந்தார்.

"நல்லா திட்டுக்கா. மொல்ல கேட்டீன்னா ஒருத்தனும் காதுல போட்டுக்க மாட்டான்" என்றாள் சித்தி.

"உன்ன எப்டிமே திட்றது?"

"புள்ளைக்கு ட்ரிப்ஸ் ஏறினு கீதுக்கா. திட்டு. காலிக் கொடத்தோட ரோட்ல குந்துவோம்னு சொல்லு. அப்பதான் இவனுங்க ஓடுவானுங்க."

எல்லாம் என் காதில் விழுந்தது. பழைய சிநேகிதிகள் ஏதோ விளையாட்டுக்குப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு குழாயில் கை கழுவினேன்.

மன்றத்தில் கதவோரமாக ஒரு ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார்கள். சித்தி எழுந்து நன்றி படிக்கத் தொடங்கினாள். மாவட்டச் செயலாளர் வரைக்கும் வந்திருப்பாள், எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பக்கத்து வார்டுக்காரி எழுந்துவிட்டாள்.

"இன்னாம்மா, தூங்கினு கீறீங்களா கவுன்சிலரம்மா? ஒங்க தெருவுல சாக்கடைத் தண்ணி குடிச்சி புள்ளைங்க ஆஸ்பத்திரில கெடக்குது, நீங்க இங்க பேர் படிச்சினு கீறீங்க! பத்து நாள் டைமு. கொயா மாத்தலன்னா காலிக் கொடத்தோட நடுரோட்ல குந்துவோம்!"

பத்திரிகைக்காரர்கள் குனிந்து எழுதினார்கள். எதிர்க்கட்சி வரிசை மேஜையைத் தட்டியது. அங்கிருந்த ஆண் உறுப்பினர் ஒருவர், "வெளிய போய் வூட்டுக்காரரக் கேட்டுகினு வந்து பதில் சொல்லும்மா" என்றார். மன்றமே சிரித்தது. சித்தியின் கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். கழிவறையில் பேசிக்கொண்டதில் இது இல்லை. சித்தியின் காது மடல் சிவந்ததைக் கதவோரத்திலிருந்தே பார்த்தேன். திருப்பி நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளோ தலையைக் குனிந்து கையிலிருந்த காகிதத்தை மடித்து, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

வெளியே இரண்டு கணவர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வீடு வரும்வரைக்கும் சித்தப்பா, கட்சி மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஆட்டோவே அதிரும்படி கத்திக்கொண்டு வந்தார். மாலையில் போன் மேல் போன் வந்தது. பகுதிச் செயலாளர் பேசினார், மாவட்டச் செயலாளர் பேசினார். கடைசிப் போனை வைத்துவிட்டு, "அவனுங்க கொடத்த தூக்கறதுக்கு முந்தி நாம தோண்டிடணும்" என்றார் சித்தப்பா. ஏதோ தனக்கே தோன்றிய யோசனை மாதிரி.

அந்த வாரமே ஜே.சி.பி. வந்தது. இரண்டு வருடமாக நிதி இல்லை, குழாய் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லப்பட்ட வேலை அது. எல்லாம் இருந்தது. சித்தப்பா குடை பிடித்துக்கொண்டு பள்ளத்தின் பக்கத்திலேயே நின்றார். சித்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததை அவள் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள்.

புதுக் குழாய்க்குத் திறப்பு விழா வைத்தார்கள். பொதுக் குழாய்க்கு ரிப்பன் கட்டி, அதைச் சித்தப்பா வெட்டினார். எதிர்க்கட்சியின் வாயை அடைத்துவிட்டோம் என்று மைக்கில் முழங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சித்திதான் தட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் புடவையைப் பிடித்து இழுத்து, "உனக்கு ரோஷமே இல்லியா சித்தி? அத்தினி பேரும் சிரிச்சாங்களே" என்று கேட்டேன்.

"ரோஷத்த வெச்சி இன்னாடி பண்றது? போய் தம்பிக்கு தண்ணி புடிச்சினு வா" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தம்பி அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தான். நான் போய்க் குழாயைத் திருகினேன். தண்ணீர் பளிச்சென்று வந்தது, ஒரு வாசனையும் இல்லை. அவனுக்கு ஒரு டம்ளர் பிடித்து வைத்தேன். பெரியவளானால் யாரைப் போல வேண்டுமானாலும் ஆகலாம், இந்தச் சித்தியைப் போல மட்டும் ஆகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, குழாயில் கையை ஏந்தி நானும் வயிறு முட்டக் குடித்தேன்.