உயிரோடிருந்த மாமாவுக்கு ஓர் அறிவித்தல்

தொழுகை நேரமில்லாத நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால் எங்கள் பகுதியில் கைவேலை நின்றுவிடும். ஆணம் கிளறுகிற பெண் அகப்பையைப் பிடித்தபடி நிற்பாள். முச்சக்கரவண்டிக்காரர் எஞ்சினை அணைப்பார். யார் மௌத்து, எந்த வீட்டில் சாவு என்று தெரியும்வரை ஒருவரும் அசைவதில்லை. அந்தக் கரகரப்பை நானே வரவழைத்த ஒரு முற்பகல் உண்டு. பாங்கு சொல்லும் மோதினாரின் தோளுக்குப் பின்னால், வேர்த்து வழிந்து, அவிழப் பார்த்த சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் தேடியது என் மாமாவை, அதாவது என் மனைவியின் வாப்பாவை.

எங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதுதான் வழக்கம். ஆகவே வீடு மாமாவுடையது, நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து அங்கே நிரந்தர விருந்தாளி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளிக்கிடச் சொன்னபோது மன்னாரிலிருந்து தோணியில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர் அவர். பிறகு புத்தளத்து உப்பளத்தில் உழைத்துக் கட்டிய வீடு அது. முற்றத்தில் எந்த மரம் எங்கே நிற்க வேண்டும் என்பதிலிருந்து எந்த மீன் எந்தக் கிழமை சமைக்க வேண்டும் என்பதுவரை அவர்தான் முடிவெடுப்பார். காலையில் பொல்லை ஊன்றிக்கொண்டு தனியே மீன் சந்தைக்குப் போவார். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறவனை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் தூக்கிப் பார்ப்பேன். பார்த்து என்ன கண்டேன் என்று கேட்டால் பதில் இராது. அதனால் அந்த வேலை ஒருநாளும் என்னிடம் வரவில்லை.

அந்த அறிவித்தல் நடந்த வருடம் அவர் பள்ளிவாசல் ஹவுழடியில், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யும்போது வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கொழும்பிலிருந்த அவர் மகனின், அதாவது என் மச்சானின், நித்திரை முறிந்துவிட்டது. ஓடி வந்தவர் வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "இன்னொரு தரம் இப்பிடி ஒண்டு நடந்தா நான் வாப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவன் மச்சான். அதுக்குப் பிறகு கதை இல்ல."

மச்சானின் வீடு ஏழாம் மாடியில். மீன், பொலித்தீன் பைக்குள் கழுவி வெட்டி வரும். கீழே இறங்க லிஃப்ட், அதை இயக்க ஓர் அட்டை, அட்டையை வைத்திருப்பவர் மருமகள். மாமா அங்கே ஒருமுறை போய் மூன்றாம் நாள் காய்ச்சலோடு திரும்பியவர். "ஆகாயத்துல கட்டி வெச்ச கோழிக்கூடு" என்று மட்டும் சொன்னார். ஆகவே நான் மச்சானிடம் வீரமாக, "நான் பாத்துக்கொள்றன்" என்றேன். அன்றிலிருந்து வீட்டுக்காரருக்கு விருந்தாளி காவல்.

அந்தக் காலை மாமா சந்தைக்குப் போய்த் திரும்பவில்லை. வெயில் ஏறியது. அழைத்துப் பார்த்தால் அவருடைய கைபேசி அலுமாரிக்குள்ளிருந்து மணியடித்தது. "அது அடிச்ச உடன ஓடி வர நான் என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளையா?" என்று எப்போதும் அதை அங்கேதான் வைப்பார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் செருப்பில்லாமல் வெளியே இறங்கினேன்.

சந்தையில் அவர் வந்து போய்விட்டார் என்றார்கள். களப்போரம் போனேன். பஸ் நிலையம் போனேன். ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே போகத் தைரியமில்லாமல், வந்த விஷயம் வேறு என்பதுபோல் காவலாளியிடம் நேரம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். புத்தளத்துக் கழுதைகள் யாரையும் முட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு ரோட்டில் நின்ற ஒவ்வொரு கழுதையின் முகத்திலும் ஒரு கொலைகாரனைக் கண்டேன். மாமா களப்பில் மிதந்தார். மாமா வடிகானில் கிடந்தார். நினைவு தப்பி, மன்னார் பஸ்ஸில் ஏறி, பழைய வீட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். என் மூளை இவ்வளவு சுறுசுறுப்பாய் வேலைசெய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு தரம் ஒரு சலூனைத் தாண்டி ஓடினேன். உள்ளே கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, முகமெல்லாம் நுரையோடு, தலையைப் பின்னால் சாய்த்து ஒருவர் கண்மூடியிருந்தார். மனிசனுக்கு எவ்வளவு நிம்மதி என்று பொறாமைப்பட்டதும் ஞாபகம்.

பிறகுதான் பள்ளிவாசலுக்கு ஓடினேன். மோதினார் நல்லவர், பதற்றப்படாதவர். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மைக்கைத் தட்டினார், தொண்டையைச் செருமினார், வாயைத் திறந்தார். வந்தது "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்."

மௌத்து அறிவிக்கும்போது முதலில் ஓதுகிற வசனம் அது. அவர் அசையாமல் மாமாவின் பேரையும் தெருவையும் சொல்லி, காலையிலிருந்து காணவில்லை, கண்டவர்கள் வீட்டுக்கு அறியத் தரவும் என்று முடித்தார். ஆனால் அந்த முதல் வசனத்தோடு ஊரின் காது மூடிவிட்டது. பேர் விளங்கினால் போதும், மிச்சத்தை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் எல்லா ஜனாஸா அறிவித்தலுக்கும் எங்கள் பழக்கம்.

"என்ன மோதினார் இது? அவர் மௌத்தாகல்லயே."

"எதைத் தொலைச்சாலும் ஓதலாம் தம்பி. செருப்பு வார் அறுந்தாலும் ஓதலாம். அது பிழை இல்ல."

மார்க்கப்படி அவர் சொன்னது சரிதான். தர்க்கிக்க எனக்கு நேரமுமில்லை. வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்த வீட்டார் தறப்பாள் கட்டிவிட்டார்கள். முக்காடிட்ட பெண்கள் என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழ, காணாமல் போன வாப்பாவுக்காக ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவள் விவரம் கிடைத்துவிட்டதென்று நினைத்துக் கதறினாள். ஜனாஸாச் சங்கத்துக்காரர் என் தோளில் கைவைத்து, எத்தனை மணிக்கு அடக்கம், ஆள் நல்ல உயரம்தானே என்றார். மையத்துக்குச் சுற்றும் கஃபன் துணிக்கு அளவு கேட்கிறார் என்று எனக்கு விளங்கவே சற்று நேரமெடுத்தது.

அப்போதுதான் ஒழுங்கை வாசலில் மாமா வந்தார். தாடி அழகாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. ஒரு கையில் பொல்லு, மறுகையில் மீன் பை. அறிவித்தல் கேட்டபோது சலூன் கதிரையில் பாதித் தாடியோடு இருந்தாராம். "மாமா, ஒங்களத்தான் தேடுறாங்க போல" என்று சலூன்காரர் கத்தரியை நிறுத்த, "மத்தப் பக்கத்த யார் வெட்டுற? வெட்டி முடி" என்றாராம். அதைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். அந்த நேரம் அவர் தறப்பாளைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மையத்து எங்க மருமகன்?" என்றார்.

சிரித்தவர்களும் இருந்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் செய்தி வாட்ஸப்பில் கட்டார்வரை போய்க் கொழும்புக்குத் திரும்பியிருந்தது. மச்சான் வேனோடு பாதி வழியில் இருந்தார். வந்து வாப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்து, "வெள்ளிக்கிழமை ஜும்ஆவோட கொழும்புக்கு வெளிக்கிடுவம்" என்றார். மாமா மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வழக்கம்போல் சந்தைக்கு இறங்கினார். போன வேகத்தில் திரும்பினார். முச்சக்கரவண்டிக்காரர் மறித்து ஏற்றி வந்து விட்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் மீன்காரரே வீட்டுக்கு மீன் கொண்டுவந்து, "நீங்க ஏன் மாமா அலையணும்" என்றார். தெருவில் கால் வைத்தால் ஒருவர் இடது கையைப் பிடிப்பார், இன்னொருவர் பொல்லை வாங்கிக்கொள்வார். பாவம், எல்லாம் அன்பு. நான் ஊரைத் தேடச் சொன்னேன், ஊர் தேடுவதை நிறுத்த மறுத்தது. மாமா முன்கூடத்துக் கதிரையில் இருந்தார். மீன் என்ன மீன் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே மனைவி அவருடைய சாரங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மடித்தவற்றையே அவிழ்த்துத் திரும்ப மடித்தாள். நான் பகிடி ஒன்று சொல்லிப் பார்த்தேன். "கொஞ்சம் பேசாம இரிங்க" என்றாள்.

மாமா இப்போது இல்லை. போன நோன்புக்குப் பிறகு, தன் சொந்தக் கட்டிலில், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு போனார். இப்போது நான் பல்ப் மாற்றக் கதிரையில் ஏறினால் என் மகள், "வாப்பா, எறங்குங்க" என்கிறாள். மச்சானின் குரல் அப்படியே. நான் பகிடி விட்டுக்கொண்டே இறங்கிவிடுகிறேன். இறங்கிய பிறகு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வரும்.

ஜும்ஆவுக்கு மச்சான் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மாமாவைக் கூட்டிப்போனோம். வேன் பள்ளி வாசலில், பை வேனுக்குள். தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும், நானும் மச்சானும் எழும்புமுன் மாமா எழும்பிவிட்டார். பொல்லை ஊன்றி முன்வரிசைக்குப் போய் நிர்வாகத் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். மைக் அவர் கைக்கு வந்தது. மாமா அதற்குமுன் மைக்கில் பேசியதில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். இந்த மைக்கில காணல்ல எண்டு சொன்னது என்னத்தான். நான் மௌத்தாகவுமில்ல, காணாமப் போகவுமில்ல. தாடி வெட்டப் போனன்." சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "ரோட்டுல காணுற எல்லாரும் கையப் புடிக்கிறீங்க. அல்லாஹ் கூலி தருவான். ஆனா புடிக்காதீங்க. கை வேணுமெண்டா நான் கேப்பன். விழுந்து கிடந்தா தூக்குங்க. நிக்கிற மனிசன ஏன் தூக்குறீங்க?" இப்போது யாரும் சிரிக்கவில்லை. "வெளிக்கிடு எண்டு மத்தவன் சொல்லி ஒரு தரம் ஊர விட்டு வெளிக்கிட்டன். மிச்சமிருக்கிற போக்குவரத்து என் சொல்லுல நடக்கட்டும்."

மைக்கைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். சனம் விலகி வழிவிட்டது. முதல் படியில் பொல்லின் நுனி சறுக்கியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பள்ளி முழுவதும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. எத்தனையோ கைகள் பாதிவரை எழுந்து அந்தரத்தில் நின்றன. என் கைகள்தான் எல்லாவற்றையும்விட நீளமாக, உள்ளங்கை மேலே பார்க்க நின்றன. மாமா தூணில் உள்ளங்கையை வைத்தார், பொல்லை மாற்றி ஊன்றினார், நிமிர்ந்தார். திரும்பிப் பார்க்காமலே, "கைய எடுங்க மருமகன், மழை பெய்யல்ல" என்றார்.

மச்சான் தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "பைய எறக்கிடுங்க மச்சான்" என்றார் என்னிடம், மெதுவாக.

கீழே ஜும்ஆச் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. மாமா பொல்லின் நுனியால் ஒவ்வொன்றாக விலக்கித் தன்னுடையதைக் கண்டுபிடித்து, ஒன்றைக் காலால் நிமிர்த்தி, மற்றதைப் பொல்லால் இழுத்து, அவசரமில்லாமல் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கமாக நடந்தார். அவர் மூலை திரும்பும்வரை யாரும் தங்கள் செருப்பைத் தேடவில்லை.