ஒரு காரியத்துக்கு ஒரு தேங்காய்

என் மாமனார் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றுத் திருவனந்தபுரத்தில் கரமனைக்கு வந்தபின் ஒரு நாள்கூட ஓய்வாக உட்கார்ந்ததில்லை. யாருக்குப் பரீட்சை, யாருக்கு விசா, யாருக்குப் பிரசவம் என்று தெருவின் கவலை முழுவதையும் தலையில் போட்டுக்கொள்வார். முந்தின நாள் சாயங்காலம் வழக்கமான ஆட்டோவில் ஏறிப் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போய் அவர்களுக்காகச் சிதறுகாய் உடைப்பார். அந்தக் கோவிலைப் பார்த்துக்கொள்வது பட்டாளம். அதனால் பிள்ளையாரும் தன் யூனிட்தான் என்கிற மாதிரி அவருக்கு ஓர் உரிமை.

திரும்பியதும் அவரவர் வீட்டு வாசலில் விறைப்பாக நின்று ரிப்போர்ட் கொடுப்பார். "ஒரே வீச்சு. தூள் தூளாப் போயிடுத்து, கேட்டியா." உடையாவிட்டால் அதையும் சொல்லிவிடுவார். ஒருமுறை, மறுநாள் பரீட்சை எழுதப்போகிற பெண்ணிடம், "உடையலை, உருண்டு போயிடுத்து" என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் அம்மா எங்கள் வாசலுக்கே வந்து கத்தித் தீர்த்தாள்.

"இன்னொரு காய் போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஒரு காரியத்துக்கு ஒரு காய்தான். உடையற வரைக்கும் எறிஞ்சா, அது பிள்ளையார்கிட்ட பேரம் பேசறது."

பொய்யே சொல்லத் தெரியாத மனிதரோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. விருந்தாளிகள் முன்னால் என் ரசத்தைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

நாலு வருடம் முன்பு எனக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு எண்பத்து மூன்று வயது. ஆபரேஷனுக்கு முந்தின நாள், "கை நடுங்கறது, நீங்க போக வேண்டாம்" என்று என் கணவர் தடுத்தும் கேட்காமல் கோவிலுக்குக் கிளம்பிவிட்டார். அவர் வரும்வரை நான் ஆஸ்பத்திரி அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் படித்தவள்தான். பயம் வந்தால் படிப்பெல்லாம் எங்கே போகிறதோ! கட்டிலருகே வந்து நின்று, "ஒரே வீச்சு. பேடிக்காதே, ஒரு பயமும் வேண்டாம்" என்றார். மறுநாள் சிரித்த முகத்தோடு தியேட்டருக்குப் போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மாமனார் வீட்டுக்குப் போகவில்லை. பத்து நாளும் வராந்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் கண்ணில் பட்டால் எழுந்து நிற்பார். எனக்கு மூச்சு சரியாக வருகிறதா என்று நர்ஸைத் துளைத்தெடுப்பார். எனக்கோ எரிச்சல். "ஒங்களையும் சேத்துப் பாத்துக்க இங்கே ஆளில்லை. ஆத்துக்குப் போங்கோ" என்று எல்லார் முன்னாலும் சீறினேன். "செத்த நாழி இருக்கேனே" என்றார், அவ்வளவுதான்.

போன மாதம் அவர் காலமானார். துக்கம் கேட்க அந்த ஆட்டோக்காரர் வந்திருந்தார். தென்காசிப் பக்கத்து மனிதர். பேச்சுவாக்கில் சொன்னார்:

"உங்க ஆபரேஷனுக்கு முந்தின நாளு காய் உடையவே இல்லம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன். இன்னொண்ணு வாங்கி நான் எறியட்டுமா சாமின்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் வண்டில அழுதுக்கிட்டே வந்தாரு."

எனக்கு ஏதோ ஆகிவிடப்போகிறது என்று பத்து நாள், ஒருவரிடமும் சொல்லாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அவரை வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தேன்.