பக்க ஓரத்தில் எழுதியவர்

என் மேசை டிராயரில் ஒரு ரப்பர் கிடக்கிறது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். நீலப் பக்கம் தேயவே இல்லை. சிவப்புப் பக்கம் பாதிக்கு மேல் கரைந்துபோய், மிச்சம் கல் மாதிரி இறுகிவிட்டது. கரைந்த பாதி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பதினேழு நாவல்களின் பக்க ஓரங்களில் போனது. மூன்று நாள் உட்கார்ந்து நான்தான் தேய்த்தேன். தூளையும் நானே ஊதித் தள்ளினேன்.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் நூலகர். ஒரே அறை, நாலு பீரோ, ஒரு மின்விசிறி. பெருக்குவதும் நான்தான், கையெழுத்துப் போடுவதும் நான்தான். இந்த வேலையில் பல வருஷம் இருந்தால் ஒன்று முதுகு வளையும், இல்லை வாய் நீளும். எனக்கு வாய் நீண்டது. நான் சொல்லப்போவது என் அண்ணனைப் பற்றி. கூடப் பிறந்தவர் இல்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருவார். ஊருக்கே அவர் சிலோன் அண்ணன். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என்னை அப்படிக் கூப்பிட்ட வேறு ஆள் கிடையாது. மற்றவர்களுக்கு நான் மேடம், முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி.

அவர் தோல் ஷெட்டில் செலக்‌ஷன் மேசையில் வேலை பார்த்தார். பதனிட்டுக் காய்ந்த தோல்களை விரித்துப் போட்டு, குறை பார்த்து, தரம் பிரிக்கிற வேலை. உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், கத்தி பட்ட இடம் என்று ஒவ்வொன்றையும் சாக்பீஸால் சின்னதாக வட்டம் போட்டுக் காட்டுவார். என் அப்பாவும் அதே ஷெட்டில்தான் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தார். குழிப் பக்கம் சம்பளம் ஜாஸ்தி, வர்றியா என்று மேஸ்திரி பலமுறை கூப்பிட்டும் சிலோன் அண்ணன் போகவில்லையாம். "ஈரத் தோல தொட மாட்டானாம் மகாராசா" என்று அப்பா வீட்டில் வந்து சிரிப்பார். அப்பா கையில் சுண்ணாம்புப் புண் ஆறியதே இல்லை, அந்தக் கடுப்பு அவருக்கு. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார். வாசலில் நின்று தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு கையையும் துடைப்பார். விரல் விரலாக, இடுக்கு விடாமல். பிறகுதான் உள்ளே வந்து புத்தகத்தைத் தொடுவார். முதல் நாள் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சண்டை பிடிச்ச ஆக்களின்ர கதை வேண்டாம் தங்கச்சி. சண்டைக்கு நடுவில சமைச்ச ஆக்களின்ர கதை இருந்தாத் தாங்கோ." நான் பீரோவைக் குடைந்தேன். போர் நாவல் என்றால் அட்டையில் துப்பாக்கியைத்தான் போடுகிறார்கள். உள்ளே பார்த்தால் தலைவன், தளபதி, வெற்றி, தியாகம். ஆனாலும் தேடினால் கிடைத்தது. ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற கிழவி, தையல் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், குண்டு விழுகிற ஊரில் பிள்ளைக்குப் பேன் பார்க்கிற தாய். எந்த நாட்டுச் சண்டை என்று அவர் பார்க்கவில்லை. ஈழத்துக் கதையோ, எங்கோ பனி பெய்கிற ஊர்க் கதையோ, எல்லாவற்றையும் ஒரே மாதிரி படித்தார். படிக்கும்போது கையில் பென்சில் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

கவனித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்துக்குப் புத்தகம் எழுதி வைத்திருந்தார். தவறான சொல்லைச் சுற்றி, தோலில் போடுகிற அதே சின்ன வட்டம். பக்கத்தில் குறிப்பு. ஒரு குடும்பம் மாட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டு ஓடியதாக ஒரு நாவலில் வந்தது. ஓரத்தில், 'இல்லை. அவிழ்த்து விட்டுத்தான் போவோம். கட்டிப்போட்டு யாரும் போவதில்லை.' இன்னொன்றில் குண்டுச் சத்தம் கேட்டுக் குழந்தை வீறிட்டு அழுகிறது. 'அழாது. சத்தம் நின்ற பிறகுதான் அழும்.' பனி பெய்கிற ஊர்க் கதை ஒன்றில், பதுங்குகுழிக்குள் ஒருத்தி உப்பு மறந்துவிட்டது என்று புலம்புகிற இடத்தில், 'சரி. இது சரி' என்று இரண்டு தரம்.

ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதி தைக்கிற பெண் ஒருத்தி என்னிடம் வாடிக்கையாகப் புத்தகம் எடுப்பாள். அவளுக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்கிறது. "யக்கா, சிலோன் அண்ணன் எழுதின புக்கு எதுனா வந்துச்சா?" என்று கேட்டுத்தான் எடுப்பாள். ஏன் என்றேன். "ஒரே புக்குல ரெண்டு புக்குக்கா. நடுவுல இருக்கறது கத. ஓரத்துல இருக்கறது நெசம்."

அந்த வருஷச் சரிபார்ப்புக்கு ஆய்வாளர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. ஏற்கெனவே கிழிந்த புத்தகத்துக்காக ஒரு மெமோ வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் துண்டில் கை துடைத்துக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டேன்.

"இன்னா அண்ணா இது, உங்க வீட்டு நோட்டா? நாளைக்கு மெமோ குடுத்தா நீங்களா வாங்கிப்பீங்க?"

அவர் வாசலைத் தாண்டவில்லை. "பிழைதான் தங்கச்சி. பிழையைக் கண்டால் கை சும்மா இருக்குதில்லை. இத்தனை வருசமா அதுதானே வேலை" என்றார். சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் கடையில் ரப்பர் வாங்கினேன். பதினேழு புத்தகம். முன்னால் கண்ணில் பட்ட இரண்டு மூன்றைத் தவிர ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காமல் அழித்தேன். படித்தால் கை வராது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் படிக்கவில்லை. இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாவலில் மட்டும் ஒரு பக்கத்தின் இரண்டு ஓரமும், அடியும் நிறைய எழுதியிருந்தது. ரொம்ப அழுத்தி எழுதியிருந்தார். தேய்த்ததில் தாள் பஞ்சு மாதிரி நைந்து, கொஞ்சம் விட்டால் கிழிந்திருக்கும். எரிச்சலோடு தேய்த்தேன். ஆய்வாளர் வந்தார், இரண்டு புத்தகத்தைப் புரட்டினார், டீ குடித்தார், போய்விட்டார்.

அண்ணன் அடுத்த ஞாயிறு வந்தார். அந்த நாவலைத்தான் எடுத்தார். நின்றபடியே பக்கத்தைத் திருப்பி, நைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், தோலில் குறை பார்க்கிற மாதிரி. பிறகு புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டிருந்தால் சரியாகியிருக்கும். அதற்குப் பிறகும் நாலைந்து வாரம் வந்தார், மரியாதைக்கு வந்த மாதிரி. எடுத்த புத்தகத்தைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் வரவில்லை. முகாமுக்குப் போய் ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். நடந்தால் இருபது நிமிஷம். நான் போகவில்லை. அவர் இறந்த செய்தியை ஷேர் ஆட்டோவில் யாரோ பேசிக்கொண்டு வந்தபோதுதான் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மகள் வந்தாள். முப்பது வயது இருக்கும். முகாமில் பிறந்து, கல்யாணமாகி வேலூரில் இருக்கிறாள், ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடுகிற வேலை. கையில் அப்பாவின் நூலக அட்டையும், சீவிச் சீவி விரல் நீளத்துக்கு வந்துவிட்ட ஒரு பென்சிலும் வைத்திருந்தாள்.

"அப்பா பொட்டியில இருந்துச்சு. புக்குலல்லாம் எதுனா எழுதுவாருன்னு முகாம்ல சொன்னாங்க. அத பாக்கணும் மேடம்."

நான் சுற்றி வளைக்கவில்லை. "நான் அழிச்சிட்டேம்மா" என்றேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்திருக்கிறான், ஐந்து வயது. ஊரை விட்டு வரும்போது கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து கடந்திருக்கிறார்கள். பையன் கரைக்கு வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அப்பா. "எங்கம்மா சாவற வரைக்கும் ஒண்ணேதான் சொல்லும். கைய விட்டுட்டு வந்துட்டாருன்னு. அப்பா ஒரு நாளும் பதில் பேசல. கல்யாணத்தன்னிக்கு நானே கேட்டேன், கைய விட்டீங்களாப்பான்னு. எந்திரிச்சிப் போய்ட்டாரு. அதோட நானும் பேசறத நிறுத்திட்டேன். ஏழு வருசம்." அந்தப் பென்சிலைக் காட்டி, "பேசாத ஆளு எழுதியாச்சும் வச்சிருப்பாருன்னு வந்தேன்" என்றாள்.

எனக்கு எந்தப் புத்தகம் என்று உடனே தெரிந்தது. எடுத்துவந்தேன். ஒரு குடும்பம் தண்ணீரைக் கடக்கிற பக்கம். தகப்பன் பிள்ளையின் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தான் என்று அச்சில் இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக, நைந்து, என் கைவேலை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். ஒரு எழுத்து தேறவில்லை. அவ்வளவு நன்றாக அழித்திருக்கிறேன். நூலகப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் அழிப்பதற்கு முன் அந்த நாவலைக் கடைசியாக எடுத்தவள் ஷூ கம்பெனிப் பெண்.

சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு இருவரும் கம்பெனி வாசலில் போய் நின்றோம். பெண்களை ஏற்றிப்போகிற பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. டிபன் கேரியரோடு வந்தவளைத் தனியே நிறுத்தி, இன்னார் மகள், இந்தப் பக்கம் என்று சொன்னேன். அவள் அண்ணன் மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அத மறப்பனாக்கா. பஸ்ஸுல சத்தமா படிச்சேன். மொத்த பஸ்ஸும் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லுச்சு." பிறகு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, அவர் எழுதிய தமிழிலேயே சொன்னாள். "எழுதியவருக்கு. கையை விடவில்லை. நனைந்த சின்னக் கை. வழுக்கிப் போய்விட்டது. திரும்பி நாலு தரம் மூழ்கித் தேடினேன். அதற்குமேல் மனைவியைத் தூக்க வேண்டி இருந்தது. அவள் வயிற்றில் பிள்ளை."

பஸ்ஸில் இருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. மகள் கேட்டாள், "வயித்துல புள்ளன்னா எழுதியிருந்தாரு?"

"ஆமாம்மா. அப்டியேதான்."

"அது நான்" என்றாள்.

மறுபடி நூலகத்துக்கு வந்தோம். அவள் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். "எழுதும்மா" என்றேன். அவள் அப்பாவின் பென்சிலை எடுத்தாள். நைந்த தாளில் மெதுவாகத்தான் எழுத முடியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினாள். 'விட்டுவிட்டு' என்பதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டாள்.

அந்த நாவலை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பிழையாக ஒரு வரி எழுதாமல் போயிருந்தால், யாரிடமும் பேசாத மனுஷர் அந்த ஐந்தாறு வரியையும் எழுதியிருக்க மாட்டார். கோபமெல்லாம் என் மேல்தான். மீதிப் பதினாறு புத்தகத்தில் என்னென்ன இருந்தது என்று இனி யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது. ஷூ கம்பெனிப் பெண் ஞாபகம் இருக்கிற மட்டும் யோசித்துச் சொல்கிறாள், நான் எழுதி வைக்கிறேன். பாதிக்குப் பாதி அவளுக்கும் ஞாபகம் இல்லை.

அடுத்த மாதம் சரிபார்ப்பு. வரட்டும், மெமோவையும் கொடுக்கட்டும். ரப்பர் டிராயரிலேயே கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் யார் நிழல் விழுந்தாலும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன், தோளில் துண்டு இருக்கிறதா என்று. இருபது வருஷம் பார்த்திருக்கிறேன். அந்தக் கையில் ஒரு நாளும் ஈரம் இருந்ததில்லை. காய்ந்த கையைத்தான் அவர் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தார்.