நாறாத வாளி

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில்தான் என் உர வாளி இருக்கும். காய்கறிக் கழிவைப் போட்டு, மேலே காய்ந்த இலை தூவி மூடிவைப்பேன். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அங்கிளும் தினமும் தன் கழிவைப் பையில் கட்டி என் கிரில் கதவில் மாட்டிவிட்டுப் போவார். என் தொட்டியில் கீரை பறித்தால் அவருக்கும் ஒரு பிடி உண்டு.

திடீரென்று ஒருநாள் மாடி முழுக்க நாற்றம். எதிர்வீட்டு அக்கா என்னிடம் கத்தினார்: "உங்க வாளிதான் நாறுது. தூக்கிப் போடுங்க லா!"

"நல்ல உரம் நாறாதுக்கா, மண் வாசந்தான் வரும்" என்று நானும் கத்தினேன்.

ஆனாலும் உள்ளுக்குள் சந்தேகம். வாளியைக் கிளறினேன், இன்னும் இலை தூவினேன். அங்கிளின் பையும் வரவில்லை. இவரும் அந்த அக்கா பக்கம் சேர்ந்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். அந்தக் கடுப்பில் அவர் பங்குக் கீரையையும் நானே பொரியல் செய்து தின்றேன்.

நாலாம் நாள் வாளியைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மேலே வந்தேன். நாற்றம் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் அங்கிளின் கதவைத் தட்டினோம். போலீஸ் வந்து உடைத்தார்கள். அவர் இறந்து ஐந்தாறு நாளாம்.

அத்தனை நாளும் நான் திறந்து திறந்து பார்த்தது வாளியைத்தான்.