இடது கால் ஷூ ஏன் வாய் பிளந்தது?

இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்! காரணம், உள்ளங்கை அகலத்தில் இரண்டு தோல் துண்டுகள்.

எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் கலைச்செல்வி, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். பதினொரு வருஷ சர்வீஸ். ஷூவின் மேல்பகுதியை — அங்கே ‘அப்பர்’ என்பார்கள் — தைப்பது அவர் வேலை. போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணா, ஒரு லெட்டர் எழுதித் தரணும்.”

“இன்னாம்மா லெட்டர்?”

“என் தையல்தான் தப்புன்னு.”

விஷயம் இதுதான். அவர் தைத்த ஜோடிகளில் வலது கால் ஷூ ஒழுங்காக நிற்கிறது. இடது கால் ஷூ மட்டும், கால் வடிவக் கட்டையில் ஏற்றி இழுத்ததும் நீண்டு வாய் பிளந்துவிடுகிறது. ஒன்றல்ல, இரண்டல்ல… ஒரு லாட் முழுக்க. மேனேஜர் லைனில் அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தி, “பதினோரு வருஷம் தைச்சு இன்னா பிரயோஜனம்?” என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மெஷினிலிருந்து எழுப்பிப் பேக்கிங்குக்கு அனுப்புவார்கள். கொடுக்காவிட்டால் வீட்டுக்கு.

“ரெண்டு காலும் ஒரே மெஷின், ஒரே நூலு, ஒரே கை. எடது காலுக்கு மட்டும் எப்டிண்ணா தப்பும்?” என்றார்.

நியாயமான கேள்விதானே? கேட்டதோடு நிற்கவில்லை. பிரித்துப் போட்ட ரிஜெக்ட் ஷூவிலிருந்து, இடதில் ஒன்றும் வலதில் ஒன்றுமாக இரண்டு துண்டு கேட்டு வாங்கி வந்திருந்தார். ஷூவின் முன்பக்கம் எது என்று பேனாவால் குறித்தும் வைத்திருந்தார். ஒரே கலர், ஒரே கனம். தடவிப் பார்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை.

லெட்டராவது ஒன்றாவது! மறுநாள் அவர் லீவு போட்டார். இருவரும் காட்பாடிக்கு ரயில் ஏறினோம். அங்கே ஒரு காலேஜில் என் தோஸ்த் ஒருவன் பாடம் நடத்துகிறான். இரும்பு, பிளாஸ்டிக், எலும்பு என்று எது கையில் கிடைத்தாலும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசாமி.

துண்டுகளை வைத்தான். கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தது. அடடா… மழமழவென்று இருந்த தோல், உள்ளே வைக்கோல் போர் மாதிரி கற்றை கற்றையாக நார்! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது.

“அழகுல்லாம் அப்புறம் பாக்கலாம். நார் ஜாஸ்தியா எந்தப் பக்கம் ஓடுது, அதப் பாருங்க” என்றான் நண்பன்.

நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள் கலைச்செல்வி கண்டுபிடித்துவிட்டார்.

“வலதுல, விரல்லேர்ந்து குதிகால் பக்கமா ஓடுது. எடதுல குறுக்கால போவுது.”

அவ்வளவுதான் சங்கதி! நார் ஓடும் திசையில் இழுத்தால் தோல் கெட்டியாக நிற்கும். குறுக்கே இழுத்தால், நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீண்டுவிடும். நீங்களே செய்து பாருங்களேன்… பழைய செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். குடியாத்தம் லுங்கியை நூல்வாட்டத்தில் இழுங்கள், அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். (நான் கட்டியிருந்ததையே இழுத்துப் பார்த்தேன். வீட்டில் பேஜாராகிவிட்டது.) ஒரு பொருள் எதனால் ஆனது என்பது பாதி சமாச்சாரம். உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்பது மீதி.

“அப்ப இது தையலே இல்லண்ணா… கட்டிங்கு” என்றார் கலைச்செல்வி.

தோலில் மிச்சம் விழக்கூடாது என்று இடது கால் அச்சைக் குறுக்கே திருப்பி வைத்து வெட்டியிருக்கிறார்கள். கட்டிங் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான், அவசரத்தில் விட்டுவிட்டார்கள். தையலுக்கு வரும்போது வெட்டிய துண்டுதான் வருகிறது. முழுத் தோலைப் பார்க்காத கலைச்செல்விக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை, நண்பன் எடுத்துக் கொடுத்த போட்டோக்களோடு அவர் கம்பெனிக்குப் போனார். எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவர் கேட்டைத் திறக்கும்போதே ஓடினேன்.

“இன்னாம்மா ஆச்சு?”

“போட்டோல்லாம் அப்புறம் காட்னேன். மொதல்ல ரெண்டு துண்டையும் மேனேஜர் கையில குடுத்து, இழுத்துப் பாருங்க சார்னேன். வலது அசையல. எடது சப்பாத்தி மாவாட்டம் வருது. எழுந்து நேரா கட்டிங்குக்குப் போய்ட்டாரு. பாத்துட்டு வந்து, ‘சரி, லெட்டர் வாணாம், மெஷின்ல போய் உக்காரு’ன்னாரு.”

“அப்பாடா…”

“நான் உக்காரல.”

“ஏம்மா?”

“லைன்ல அத்தினி பேரு முன்னாடிதான கேட்டீங்க, அங்கயே வந்து தப்பு என்னுது இல்லன்னு சொல்லுங்கன்னு நின்னேன். அரை மணி நேரம்.”

“சொன்னாரா?”

“மைக்குல சொன்னாருண்ணா” என்றார்.

தோல் எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று கண்டுபிடித்தது நாங்கள். கலைச்செல்வி எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கமாட்டார் என்று கண்டுபிடித்தது… மேனேஜர்!